கடைக்காரர் கையில் உங்கள் நடமாட்டம்: தடுக்கவும் கேள்வி கேட்கவும் ஒரு முழுமையான வழிகாட்டி

கனடாவில் காபிக்குப் பெயர்போன டிம் ஹார்ட்டன்ஸ் நிறுவனத்தின் செல்போன் செயலி தன்னைப் பற்றி என்னென்ன சேர்த்து வைத்திருக்கிறது என்று 2020இல் ஒரு பத்திரிகையாளர் கேட்டு வாங்கிப் பார்த்தார். ஐந்து மாதத்துக்கும் குறைவான காலத்தில் அவர் இருந்த இடத்தை அது 2,700 தடவைக்கு மேல் குறித்து வைத்திருந்தது. அந்நாட்டின் மத்திய, மாகாணத் தனியுரிமை ஆணையர்கள் கூட்டாக விசாரித்து 2022 ஜூனில் அறிக்கை வெளியிட்டார்கள். செயலி மூடிக் கிடந்தபோதும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை இருப்பிடம் சேகரிக்கப்பட்டிருக்கிறது. வாடிக்கையாளர் தன் வீட்டுக்குள் போனால் ஒரு பதிவு, அலுவலகத்திலிருந்து கிளம்பினால் ஒரு பதிவு, போட்டி நிறுவனத்தின் கடைக்குள் நுழைந்தால் அதற்கும் ஒரு பதிவு. பிற்பாடு வழக்குகளை முடித்துக்கொள்ள அந்த நிறுவனம் முன்வைத்த ஈடு என்ன தெரியுமா? ஆளுக்கு ஒரு காபி, ஒரு பேக்கரி பண்டம், இலவசம்.

இத்தகைய செய்திகளைப் படிப்பவருக்குச் செயற்கைக்கோள், உளவுக் கருவி என்று நினைப்பு போகும். நம் ஊர்க் கடைகளைப் பொறுத்தவரை என் கணிப்பு வேறு. இங்கே ஒருவருடைய நடமாட்டத்தை அவர் பெயரோடு சேர்த்துக் கட்டும் மிக வலுவான கயிறு, பில் போடும்போது அவரே சொல்லும் பத்து இலக்க எண். வாசலில் உள்ள வைஃபை கருவிக்கு ஏதோ ஒரு போன் வந்தது என்று மட்டுமே தெரியும். கூரைக் கேமராவுக்கு ஏதோ ஒரு தலை தெரியும். அந்தப் போனும் தலையும் நீங்கள்தான் என்று சொல்வது உங்கள் செல்போன் எண். ஆகவே இந்த வழிகாட்டியில் படிகளைப் பலன் அதிகமுள்ளதிலிருந்து குறைவானது வரை அடுக்கியிருக்கிறேன். முதல் இரண்டை மட்டும் செய்தாலே பெரும்பகுதி முடிந்துவிடும்.

படி 1: பில் போடும் இடத்தில் எண்ணை நிறுத்துங்கள்

கிளையின் பெயர், தேதி, நிமிடம் வரை நேரம் எல்லாம் பில்லில் இருக்கும். பல கிளைகள் உள்ள கடையில் ஒவ்வொரு முறையும் ஒரே எண்ணைச் சொன்னால், எந்த மாலையில் எந்தப் பேட்டையில் இருந்தீர்கள், மாதக் கடைசியில் என்ன வாங்குகிறீர்கள், வீடு மாறினீர்களா என்பதெல்லாம் எந்தச் சென்சாரும் இல்லாமலே பட்டியலாகிவிடும். இருப்பிடக் கண்காணிப்பு என்றால் ஜிபிஎஸ் இருந்தே தீர வேண்டும் என்பதில்லை.

"நம்பர் சொல்லுங்கள் சார்" என்று கேட்கும் தொனியில், அது இல்லாமல் பில்லே வராது என்ற எண்ணம் தோன்றிவிடும். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ஜிஎஸ்டி விதி 46இன்படி, பதிவு பெறாத சாதாரண வாடிக்கையாளரின் பெயரும் முகவரியும் பில்லில் கட்டாயமாவது, வரிக்குரிய சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தொடும்போதுதான். செல்போன் எண் அந்த விதியில் இல்லை. 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை சில்லறை வணிக நிறுவனங்களுக்கும் தொழில் கூட்டமைப்புகளுக்கும் ஓர் அறிவுறுத்தல் அனுப்பியது. எண் கொடுக்காத காரணத்தால் பில் தர மறுப்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற வணிக நடைமுறை என்பது அதன் சாரம்.

எனவே சொல்ல வேண்டியது ஒரே வரி: "எண் வேண்டாம், காகித பில் போதும்." கவுண்டரில் நிற்பவரிடம் வாக்குவாதம் வேண்டாம். நாளுக்கு இத்தனை எண் சேர்க்க வேண்டும் என்று அவருக்கு மேலிருந்து நெருக்கடி இருக்கலாம். "எண் இல்லாமல் கம்ப்யூட்டர் நகராது" என்றால் மேற்பார்வையாளரைக் கூப்பிடச் சொல்லுங்கள். பெரும்பாலும் கடையின் எண்ணையே போட்டு நகர்த்திவிடுவார்கள். அப்படியும் மறுத்தால் கடையின் பெயர், கிளை, நேரம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசிப் படியில் தேவைப்படும்.

வாய்க்கு வந்த பத்து இலக்கத்தைச் சொல்லிவிட்டு வருபவர்கள் உண்டு. அது யாரோ ஒருவரின் எண்ணாக இருக்கும். உங்கள் பில்லும் நீங்கள் வாங்கிய மருந்தின் பெயரும் முன்பின் தெரியாதவருக்குப் போகும். அதைவிட மறுப்பதே மேல்.

எண்ணைக் கொடுத்தே ஆக வேண்டிய இடங்களும் இருக்கின்றன: வீட்டுக்கு வந்து பொருத்தித் தர வேண்டிய குளிர்சாதனப் பெட்டி, தைக்கக் கொடுத்த துணி, ஆர்டர் கொடுத்த நகை. அங்கெல்லாம் "இந்த வேலைக்கு மட்டும், விளம்பரத்துக்கு வேண்டாம்" என்று சொல்லி, முடிந்தால் ஆர்டர் சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். இந்தச் சொற்களுக்குச் சட்டத்தில் எடை உண்டு. அதைப் படி 6இல் பார்ப்போம்.

இன்னும் மூன்று வாசல்கள் இருக்கின்றன. தீபாவளிக் குலுக்கல் கூப்பன் முதலாவது. பெயர், எண், பிறந்த நாள், திருமண நாள் என்று எல்லாவற்றையும் நாமே எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டு வருகிறோம். பரிசு ஒருவருக்கு, விவரம் அத்தனை பேருடையதும் கடைக்கு. இரண்டாவது யுபிஐ. உங்கள் ஐடியே செல்போன் எண்ணாக இருந்தால், கவுண்டரில் மறுத்த எண் பணம் செலுத்தும்போது போய்ச் சேரக்கூடும். பெரும்பாலான பணச் செயலிகளில் எண் இல்லாத இன்னொரு ஐடியை உருவாக்கி அதையே முதன்மையாக வைத்துக்கொள்ளலாம். மூன்றாவது உறுப்பினர் அட்டை. அதை ஒரேயடியாகத் தூக்கி எறியச் சொல்ல மாட்டேன். மாதாமாதம் மளிகை வாங்கும் ஒரு கடையில் கிடைக்கும் தள்ளுபடி உங்களுக்குப் பெரிதென்றால் வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு ஒருமுறை போகும் செருப்புக் கடையில் எதற்கு?

படி 2: செயலிகளின் இருப்பிட அனுமதியைக் குறையுங்கள்

போனில் உள்ள கடைச் செயலிகளை முதலில் எண்ணிப் பாருங்கள். மளிகை, மருந்து, துணி, உணவு, சினிமா, கூடவே எப்போதோ ஒரு கூப்பனுக்காக நிறுவி மறந்துபோனவை. மூன்று மாதமாகத் திறக்காதவற்றை நீக்குங்கள். செயலியை நீக்கினால் போனிலிருந்து மட்டுமே போகும், கடையின் சர்வரில் உள்ள கணக்கு அப்படியே இருக்கும். ஆகவே நீக்குமுன் செயலிக்குள் போய்க் கணக்கை அழிக்கும் வசதியைத் தேடுங்கள்.

மிஞ்சியவற்றுக்கு ஆண்ட்ராய்டு போனில் அமைப்புகள், அதில் இருப்பிடம், அதில் செயலிகளின் இருப்பிட அனுமதி என்று போங்கள். கம்பெனிக்குக் கம்பெனி சொற்கள் சற்று மாறும். எப்போதும் அனுமதிக்கப்பட்டவை என்ற தலைப்பின் கீழ் ஒரு கடைச் செயலிகூட இருக்கக் கூடாது. நீங்கள் திறக்காதபோது நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ள எந்தக் கடைக்கும் தேவையில்லை. டெலிவரி செயலிக்குப் 'பயன்படுத்தும்போது மட்டும்' போதும். மற்றவற்றுக்கு 'அனுமதிக்க வேண்டாம்'. கிளையைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் பின்கோடு தட்டினால் போயிற்று. அதே திரையில் துல்லியமான இருப்பிடம் என்றொரு பொத்தான் இருக்கும், ஆண்ட்ராய்டு 12 முதல் வந்தது. அதை அணைத்தால் செயலிக்குத் தெருவும் வீடும் தெரியாது, தோராயமான வட்டாரம் மட்டுமே தெரியும். ஐபோனில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, லொகேஷன் சர்வீசஸ் என்ற வழியில் இதே தேர்வுகள் இருக்கின்றன.

பலர் தவறவிடும் ஒன்று, 'அருகிலுள்ள சாதனங்கள்' என்ற அனுமதி. ஐபோனில் அது புளூடூத் அனுமதி. துணிக்கடைச் செயலிக்கு அருகிலுள்ள சாதனங்களோடு என்ன வேலை? காரணம் படி 4இல் வருகிறது. இப்போதைக்கு அணைத்துவிடுங்கள்.

அனுமதி கேட்கும் திரையில் எழுதியிருப்பதை அப்படியே நம்ப முடியாது என்பதற்கு இன்மார்க்கெட் வழக்கு சரியான சான்று. அமெரிக்காவில் இந்த நிறுவனம் பொருள் பட்டியல் எழுதவும் புள்ளிகள் சேர்க்கவும் இரண்டு செயலிகளை நடத்தியது. புள்ளி தரவும் பட்டியலை நினைவூட்டவும் இருப்பிடம் தேவை என்றுதான் திரை சொன்னது. அதே இருப்பிடம் விளம்பரத்துக்கும் போகிறது என்பதைச் சொல்லவில்லை. அதன் மென்பொருள் துணுக்கு 300க்கும் மேற்பட்ட பிற செயலிகளுக்குள்ளும் பொருத்தப்பட்டிருந்தது. நடமாட்டத்தை வைத்து மக்களை ஏறக்குறைய 2,000 வகைகளாகப் பிரித்திருந்தார்கள். பால்வாடிப் பருவக் குழந்தைகளின் பெற்றோர் ஒரு வகை, தேவாலயத்துக்குப் போகிறவர்கள் ஒரு வகை, பணம் இருந்தும் ஆரோக்கியம் இல்லாதவர்கள் இன்னொரு வகை. சேர்த்த விவரத்தை ஐந்து ஆண்டுகள் வைத்திருந்தார்கள். அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 2024 ஜனவரியில் தலையிட்டு, துல்லியமான இருப்பிடத்தை விற்க இந்த நிறுவனத்துக்குத் தடை விதித்தது.

ஆகவே செயலியைப் பார்த்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். அதற்குள் யாருடைய துணுக்கு ஒளிந்திருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. பிளே ஸ்டோரிலும் ஆப் ஸ்டோரிலும் உள்ள தரவுப் பாதுகாப்புக் குறிப்பு, செயலியை உருவாக்கியவர்கள் தாங்களாகவே எழுதித் தருவது. ஒன்றுமில்லாததற்கு அது பரவாயில்லை, அவ்வளவே. நம் கையில் உள்ள உறுதியான பூட்டு அனுமதியை மறுப்பதுதான்.

படி 3: விளம்பர அடையாளத்தை அழியுங்கள்

ஒவ்வொரு போனிலும் விளம்பரத்துக்கென்றே ஒரு நீண்ட எண் இருக்கிறது. வெவ்வேறு செயலிகள் சேர்த்த விவரங்களை ஒரே ஆளுடையவை என்று தைத்து இணைக்கும் நூல் அது. ஆண்ட்ராய்டில் தனியுரிமை, அதில் விளம்பரங்கள், அதில் விளம்பர ஐடியை நீக்கு. ஐபோனில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டியின் கீழ் டிராக்கிங் என்ற பக்கத்தில் செயலிகள் கேட்பதையே நிறுத்திவிடலாம். 2021இல் வந்த ஏற்பாடு இது. ஒரே நிமிட வேலை, இழப்பு ஏதுமில்லை.

போகிற போக்கில் கூகுள் கணக்கையும் பார்த்துவிடுங்கள். இருப்பிட வரலாற்றை அணைத்த பிறகும் இணையம், செயலிச் செயல்பாடு என்ற இன்னொரு பதிவின் வழியாக இடம் சேமிக்கப்பட்டது என்ற புகாரில், 2022 நவம்பரில் அமெரிக்காவின் 40 மாநிலங்களுக்கு 39.15 கோடி டாலர் தந்து கூகுள் சமரசம் செய்துகொண்டது. இரண்டும் தனித்தனிப் பொத்தான்கள், இரண்டையும் பாருங்கள்.

படி 4: வைஃபை, புளூடூத்

வைஃபை இயங்கும் போன், பழகிய இணைப்பு அருகில் இருக்கிறதா என்று அவ்வப்போது குரல் கொடுத்துக்கொண்டே இருக்கும். முன்பெல்லாம் அந்தக் குரலில் போனின் நிரந்தர வன்பொருள் முகவரியும் சேர்ந்து வந்தது. கடையின் கூரையில் நாலைந்து கருவிகளை வைத்தால் யார் எந்த அடுக்கின் முன் எத்தனை நிமிடம் நின்றார், போன வாரமும் வந்தாரா, வாசல் வரை வந்து திரும்பினாரா என்று கணக்கிட முடிந்தது. அமெரிக்காவின் நார்ட்ஸ்ட்ராம் கடைகள் யூக்ளிட் என்ற நிறுவனத்தின் உதவியோடு 17 கிளைகளில் இதைச் சோதித்தன. வாசலில் அறிவிப்புப் பலகை வைத்ததும் வாடிக்கையாளர்கள் கொதித்தார்கள், 2013 மே மாதம் நிறுத்திவிட்டார்கள். சொல்லிவிட்டுச் செய்ததால்தான் நார்ட்ஸ்ட்ராம் மாட்டிக்கொண்டது என்பது இதில் உள்ள வேடிக்கை. அதே ஆண்டு ஆகஸ்டில் லண்டன் நகர மையத்தின் தெருக் குப்பைத்தொட்டிகள் சிலவற்றில் இந்தக் கருவி இருப்பது வெளியாகி, நகர நிர்வாகம் நிறுத்தச் சொன்னது.

சொல்லாமல் செய்தவர்களில் நோமி டெக்னாலஜீஸ் முக்கியமானது. 2013இன் முதல் ஒன்பது மாதங்களில் சுமார் 90 லட்சம் போன்களின் விவரத்தை அது சேகரித்தது. கடையிலேயே விலகிக்கொள்ளலாம் என்று அதன் தனியுரிமைக் கொள்கை வாக்குறுதி தந்தது. கடைகளில் அந்த வசதியும் இல்லை, கண்காணிக்கிறோம் என்ற அறிவிப்பும் இல்லை. 2015 ஏப்ரலில் மத்திய வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. கவனியுங்கள், பின்தொடர்ந்ததற்காக அல்ல, பொய் வாக்குறுதி தந்ததற்காக. அன்றைய அமெரிக்கச் சட்டத்தில் பிடி கிடைத்த இடம் அதுதான்.

இதற்கு மருந்து போன் தயாரிப்பாளர்களிடமிருந்து வந்தது. 2014இல் ஐஓஎஸ் 8 வெளியானபோது ஆப்பிள், இணைப்பைத் தேடும் சமயத்தில் போலி முகவரியைக் காட்டத் தொடங்கியது. 2019இல் ஆண்ட்ராய்டு 10, ஒவ்வொரு வைஃபைக்கும் வெவ்வேறு போலி முகவரியை இயல்பாக்கியது. எனவே மாலுக்குள் நுழையும்போது வைஃபையை அணைத்துவிடுங்கள் என்ற பழைய அறிவுரைக்கு இன்று பாதி மதிப்புதான். போன் ஏழெட்டு ஆண்டு பழையதென்றால் அதைப் பின்பற்றுங்கள்.

இன்று கவலைப்பட வேண்டியது இலவச வைஃபையைப் பற்றி. இந்தியாவில் பொது இடத்து வைஃபையில் நுழைய ஓடிபி வேண்டும், அதாவது செல்போன் எண் வேண்டும். படி 1இல் காப்பாற்றிய எண்ணை இங்கே நீங்களே தட்டச்சு செய்கிறீர்கள். கூடவே, போலி முகவரி ஒரே பெயருள்ள வைஃபைக்குப் பொதுவாக மாறாமல் இருப்பதால், அடுத்த முறை நீங்கள் வரும்போது அந்த மாலுக்கு உங்களைத் தெரியும். மொபைல் டேட்டா மலிவாகக் கிடைக்கும் நாட்டில் மால் வைஃபை தேவையே இல்லை. ஏற்கெனவே சேர்ந்திருந்தால் சேமித்த இணைப்புகளின் பட்டியலுக்குப் போய் அதை மறக்கச் சொல்லுங்கள். ஐஓஎஸ் 18இல் இருந்து அந்த முகவரியை அவ்வப்போது மாற்றும் தேர்வும் இருக்கிறது.

புளூடூத் பீக்கனைப் பற்றிப் பரவலாக ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. அடுக்குகளில் ஒட்டிய அந்தச் சிறு கருவி உங்களைப் பார்ப்பதில்லை. கலங்கரை விளக்கத்தைப் போலத் தன் அடையாளத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஒளிபரப்பும். அதைக் கேட்டு, 'இவர் இப்போது சமையல் பாத்திரப் பகுதியில் இருக்கிறார்' என்று கடைக்குச் சொல்வது உங்கள் போனில் உள்ள கடையின் செயலி. செயலிக்கு அனுமதி இல்லையென்றால் பீக்கன் வெறும் பிளாஸ்டிக். படி 2இல் அந்த அனுமதியை அணைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

ஓர் எச்சரிக்கை: ஐபோனில் மேலிருந்து இழுக்கும் கட்டுப்பாட்டுத் திரையில் வைஃபையைத் தட்டினால் இணைப்புதான் துண்டிக்கப்படும், வைஃபை அணையாது. செட்டிங்ஸ் வழியாகத்தான் முழுதாக அணைக்க முடியும். ஆண்ட்ராய்டில் இருப்பிடச் சேவைகளுக்குள் வைஃபை ஸ்கேனிங், புளூடூத் ஸ்கேனிங் என்று இரண்டு பொத்தான்கள் உண்டு. அவை இயங்கும் வரை, நீங்கள் வைஃபையை அணைத்திருந்தாலும் போன் தேடிக்கொண்டுதான் இருக்கும்.

படி 5: கேமரா

இங்கே நம்மால் செய்யக்கூடியது குறைவு. வாசலுக்கு நேர் மேலே தரையைப் பார்த்து இருப்பது பெரும்பாலும் தலை எண்ணும் கருவி, அதனால் பெரிய தொந்தரவு இல்லை. முகத்தை அடையாளம் காணும் மென்பொருள் வேறு ரகம். கனடாவின் கேடிலாக் ஃபேர்வியூ நிறுவனம் தன் 12 மால்களில், கடை எங்கே இருக்கிறது என்று காட்டும் திரைகளுக்குள் கேமராவை ஒளித்து வைத்து 50 லட்சம் முகப் படங்களைச் சேகரித்ததை 2020 அக்டோபரில் ஆணையர்கள் அம்பலப்படுத்தினார்கள். அமெரிக்காவில் ரைட் எய்ட் மருந்துக் கடைகள் இந்த மென்பொருளை நம்பி, தவறில்லாத வாடிக்கையாளர்களைத் திருடர்களாக நடத்தின. அதைப் பயன்படுத்த 2023 டிசம்பரில் ஐந்து ஆண்டுத் தடை வந்தது. நீங்கள் செய்யக்கூடியது கேட்பதுதான்: இந்தக் கேமரா முகத்தை அடையாளம் காணுமா? படம் எத்தனை நாள் இருக்கும்? யாரிடம் போகும்? வாய்மொழிப் பதிலை நம்பாமல் எழுத்தில் கேளுங்கள்.

படி 6: உங்கள் உரிமை எது, எப்போது முதல்

தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதன் தொடர்ச்சியாக வந்தது டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. ஆனால் எல்லாம் ஒரே நாளில் நடைமுறைக்கு வரவில்லை. புகார்களை விசாரிக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்தை அமைப்பது உடனடியாகவும், ஒப்புதல், அறிவிப்பு, தகவல் கேட்கும் உரிமை போன்ற சாரமான பகுதிகள் 18 மாதங்கள் கழித்தும், அதாவது 2027 மே மாதத்திலும் என்று பிரித்திருக்கிறார்கள். அதுவரை பழைய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 2011ஆம் ஆண்டு விதிகள்தான். அந்த விதிகளின் 'உணர்வுநுட்பத் தரவு' பட்டியலில் கடவுச்சொல், நிதி விவரம், உடல்நலம், உயிரியல் அடையாளம் எல்லாம் இருக்கின்றன, இருப்பிடம் இல்லை.

புதிய சட்டத்தில் கடைக்குப் போகிறவருக்கு முக்கியமானவை இவை. ஒப்புதல் கட்டாயமின்றி, குறிப்பிட்ட நோக்கத்துக்காக, நிபந்தனையின்றி, தெளிவான செயலால் தரப்பட வேண்டும். முன்கூட்டியே டிக் அடித்து வைத்த கட்டம் ஒப்புதல் ஆகாது. அந்த நோக்கத்துக்குத் தேவையான தரவுக்கு மட்டுமே ஒப்புதல் செல்லும். அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வசதி தர வேண்டும், ஆகவே தமிழில் கேட்கலாம். கொடுத்தது எவ்வளவு எளிதோ அவ்வளவு எளிதாகத் திரும்பப் பெற முடிய வேண்டும்.

சட்டத்தின் 7ஆம் பிரிவில் ஓர் உதாரணம் தரப்பட்டிருக்கிறது, கடைக்காரர்கள் மாட்டி வைக்க வேண்டிய ஒன்று. மருந்துக் கடையில் ஒருவர் பொருள் வாங்கி, பணம் செலுத்தியதற்கான ரசீதைத் தன் போனுக்கு அனுப்பச் சொல்லித் தானாகவே விவரம் தருகிறார். கடை அந்த ரசீதை அனுப்பும் நோக்கத்துக்கு அதைப் பயன்படுத்தலாம். அவ்வளவுதான். ஆடித் தள்ளுபடிக் குறுஞ்செய்தி அந்த நோக்கத்துக்குள் வராது. "இந்த வேலைக்கு மட்டும்" என்று சொல்லச் சொன்னதன் காரணம் புரிந்திருக்கும்.

குலுக்கல் கூப்பனுக்கும் இதில் இடமுண்டு. காகிதத்தில் வாங்கிய விவரத்தைப் பிறகு கம்ப்யூட்டரில் ஏற்றினாலும் சட்டம் பொருந்தும். பதினெட்டு வயதுக்குட்பட்டோரைப் பின்தொடர்வதும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதும் தடை, பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலும் வேண்டும். மால் விளையாட்டுக் கூடங்களில் பிள்ளை பெயருக்குக் கார்டு எடுக்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

இதில் பள்ளங்களும் இருக்கின்றன. சட்டம் வருமுன் கொடுத்த ஒப்புதலை வைத்துக் கடை தொடர்ந்து இயங்கலாம். அறிவிப்பு மட்டும் அனுப்ப வேண்டும், நீங்கள் திரும்பப் பெறும் வரை எல்லாம் நடக்கும். 2027இல் அப்படியோர் அறிவிப்பு வந்தால் படிக்காமல் தள்ளிவிட வேண்டாம். அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம் என்று கேட்கப் பெரிதாக இருக்கும், ஆனால் அது அரசின் தொகுப்பு நிதிக்குச் செல்லும், பாதிக்கப்பட்டவருக்கு ஒரு ரூபாயும் வராது. இழப்பீடு வேண்டுமென்றால் நுகர்வோர் சட்டத்தின் வழியே போக வேண்டும்.

அந்த வழி இன்றே திறந்திருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பிரிவு 2(47): நம்பிக்கையின் பேரில் நுகர்வோர் தந்த தனிப்பட்ட தகவலை, சட்டம் அனுமதிக்காத வகையில் வேறொருவருக்கு வெளியிடுவது முறையற்ற வணிக நடைமுறை. 2027 வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டியதில்லை என்று நான் சொல்வது இந்த ஒரு பிரிவை வைத்துத்தான்.

படி 7: கடைக்கு எழுதுங்கள்

முதலில் உறுப்பினர் புள்ளிகள் இருந்தால் செலவழித்துவிடுங்கள். ஒப்புதலைத் திரும்பப் பெறுவதன் விளைவு உங்களையே சேரும் என்று சட்டம் சொல்வதால், புள்ளிகள் போனால் கேட்க முடியாது. பிறகு கடையின் இணையதளத்தில் தனியுரிமைக் கொள்கையைத் திறந்து குறைதீர் அலுவலரின் மின்னஞ்சலை எடுங்கள். கொள்கை முழுவதையும் படிக்கப் பொறுமை யாருக்கு இருக்கிறது? யாருடன் பகிர்கிறார்கள், எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள் என்ற இரண்டு பத்திகளை மட்டும் தேடிப் படியுங்கள். கடிதம் இப்படி இருக்கலாம்:

"ஐயா / அம்மையீர், இந்தச் செல்போன் எண்ணில் உங்கள் நிறுவனத்தின் வாடிக்கையாளராக இருக்கிறேன். என்னைப் பற்றி நீங்கள் வைத்திருக்கும் விவரங்களின் சுருக்கத்தையும், கிளைவாரியான கொள்முதல், இருப்பிட விவரம் ஏதேனும் இருந்தால் அதையும், அவை யார் யாரிடம் பகிரப்பட்டன என்பதையும் தெரிவிக்க வேண்டுகிறேன். விளம்பரத்துக்கும் பகுப்பாய்வுக்கும் நான் தந்த ஒப்புதலைத் திரும்பப் பெறுகிறேன். சட்டப்படி வைத்திருக்க வேண்டிய பில் விவரங்கள் தவிர மற்றவற்றை அழித்து, அழித்ததை எழுத்தில் உறுதிப்படுத்துங்கள். என் விவரத்தைப் பெற்ற பிறரிடமும் இதைத் தெரிவியுங்கள்."

பதிவு செய்த எண்ணையும் பெயரையும் தவிர வேறு எதையும் சேர்க்க வேண்டாம். அடையாளத்தைச் சரிபார்க்க ஆதார் நகல் கேட்டால் மறுத்து, அந்த எண்ணுக்கே ஓடிபி அனுப்பிச் சரிபார்க்கச் சொல்லுங்கள். புதிய விதிகளின்படி குறைக்குப் பதில் தர அதிகபட்சம் 90 நாள். அது நடைமுறைக்கு வருமுன்னும் இந்தக் கடிதத்தை அனுப்பலாம். பதில் வராவிட்டாலும் கேட்டதற்கான சான்று கையில் இருக்கும்.

படி 8: புகார்

எந்தக் குறைக்கு எந்தக் கதவு என்று தெரிந்தால் பாதி அலைச்சல் மிச்சம்.

விளம்பரக் குறுஞ்செய்தி, அழைப்பு என்றால் 1909. 'ஸ்டார்ட் 0' என்று ஆங்கிலத்தில் எழுதி அந்த எண்ணுக்கு அனுப்பினால் விளம்பரங்கள் முழுவதும் தடைப்படும். ஆனால் ஒரு கடைக்குத் தனியாக ஒப்புதல் தந்திருந்தால் அது இந்தத் தடையை மீறி வரும், அதனால்தான் படி 7 முக்கியம். தடையையும் மீறி வந்தால் ஏழு நாளுக்குள் அதே எண்ணிலோ, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் டிஎன்டி செயலியிலோ புகார் செய்யுங்கள். அனுப்புநர் பெயரின் கடைசியில் கோட்டுக்குப் பின் ஆங்கில 'பி' இருந்தால் அது விளம்பரம், 'எஸ்' இருந்தால் சேவைச் செய்தி. சேவை என்ற பெயரில் தள்ளுபடி விளம்பரம் வந்தால் அதுவும் புகாருக்குரியது.

எண் தராததால் பில் மறுத்தார்கள், விவரத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள் என்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி மையம். தமிழிலும் பேசலாம். அவர்கள் கடையோடு பேசித் தீர்க்கப் பார்ப்பார்கள், தீர்ப்பு சொல்லும் அதிகாரம் கிடையாது. தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். பில், வந்த குறுஞ்செய்தியின் ஸ்கிரீன்ஷாட், அனுப்பிய கடிதம், 1915 தந்த புகார் எண் ஆகிய நான்கையும் இணையுங்கள். கடை மாற்றிப் பேசுவது பெரும்பாலும் தேதி விஷயத்தில்தான், ஆகவே ஒவ்வொரு தாளிலும் தேதி தெரிகிறதா என்று பாருங்கள்.

2027 மே மாதத்துக்குப் பிறகு தரவுப் பாதுகாப்பு வாரியமும் சேரும். கடையின் குறைதீர் அலுவலரிடம் முதலில் முறையிட்ட பிறகே அங்கே போக முடியும், எல்லாம் இணையவழி. பொய்ப் புகாருக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. வாரியத்தின் முடிவு பிடிக்கவில்லை என்றால் மேல்முறையீடு டெல்லியில் உள்ள தொலைத்தொடர்புத் தகராறு தீர்ப்பாயத்துக்கு. அதற்கு 60 நாள் அவகாசம்.